மரியநேசன் ஏறின பஸ்

முதல்லயே சொல்லிப்போடுறன், என்ர பேர் அற்புதம், எனக்கு வாய் கொஞ்சம் கூட. கொக்கிளாயில ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம். என்ர மனுசனுக்கு வாய் குறைவு. அதனால அவருக்கும் சேத்து நான்தான் கதைக்கிறனான். கலியாணம் கட்டின நாளில இருந்து எங்கட வீட்டு நடைமுறை அதுதான். இந்தக் கதையையும் அவரிட்டைக் கேட்டா, "அதில என்ன கிடக்கு" எண்டுபோட்டு எழும்பிப் போயிடுவார். அதில எவ்வளவு கிடக்கு எண்டு எனக்குத்தான் தெரியும். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

அவற்ற பேர் மரியநேசன். கரைவலையில கடல் பாக்கிறவர். கரையில இல்லாத ஆக்களுக்கு அது என்ன வேலை எண்டு விளங்காது, சொல்லுறன். வலையைத் தோணியில ஏத்திக்கொண்டு போய்க் கடலில வளைச்சு விட்டுப்போட்டு, இரண்டு பக்கத்துக் கயித்தையும் கரையில நிண்டு ஆக்கள் இழுப்பினம். ஆனா வலையை எங்க விடுறது? எப்ப விடுறது? தோணியில இருக்கிறவனுக்கு மீன் தெரியாது. கரையில, மணல் மேட்டில நிக்கிற ஒராளுக்குத்தான் தெரியும். மீன் கூட்டமா வாற இடத்தில தண்ணி ஒரு மாதிரிக் கறுக்கும், மேல் தண்ணி சிலிர்க்கும். அதைக் கண்ட உடன அவர் தோளில கிடக்கிற துவாயை எடுத்து வீசித் திசை காட்டுவார். அவர் காட்டின பக்கம் தோணி போகும். அவ்வளவு பேற்ற வீட்டுச் சோறும் அந்த ஒராளின்ர கண்ணில நிக்கும்.

இவர் அந்த இடத்துக்குச் சும்மா வரேல்லை. எண்பத்து நாலாம் ஆண்டு ஊரோட எழும்பி ஓடின சனம் நாங்கள். அளம்பில், முள்ளியவளை, பிறகு எங்கெங்கயோ. போன இடத்துக் கரையளில எல்லாம் இவர் கூலிக்குக் கயிறு இழுத்தவர். சண்டை முடிஞ்சு, ஊருக்குத் திரும்ப விட்டு, தகரக் கொட்டிலில வந்து குந்தேக்க எங்களிட்டை இரண்டு பானையும் ஒரு பாயும்தான். எங்கட சம்மாட்டி, அதுதான் வலைக்குச் சொந்தக்காரர், கடன்பட்டுப் புது வலை இறக்கினார். முதல் நாள் கடல் பாக்க ஆளில்லை. எல்லாரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிக்கேக்க இவர் பேசாமல் மேட்டில ஏறினார், துவாயை வீசினார். அண்டைக்கு வலையின்ர மடி கிழியிற அளவுக்கு மீன். அண்டையில இருந்து மேடு இவருக்கெண்டு ஆகிப்போச்சு. பெடியள் இவரைக் கண்டா சைக்கிளால இறங்கி நிப்பாங்கள். கோயிலில கொடி ஏத்தேக்க இவரையும் கூப்பிட்டு முன்னுக்கு விடுவினம். ஓடி ஓடித் தேய்ஞ்ச மனுசனுக்கு அந்த மரியாதை பெரிய விசயம். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான்.

பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. வாறது ஆருக்கும் வரும். ஆனா அது கண்ணைப் பிடிச்சிட்டுது. ஒருநாள் சாப்பிடேக்க மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். கேட்டா, வெளிச்சம் காணாது எண்டார். மத்தியான வெயில், குசினி முழுக்க வெளிச்சம். முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கலைச்சன். அங்க பாத்துப்போட்டு, வவுனியாவுக்குப் போய்க் கண் டொக்டரைக் காட்டச் சொல்லி விட்டினம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை," எண்டார் எனக்கு.

"ஏன், களவெடுத்தனீங்களே?"

"கடல் பாக்கிறவனுக்குக் கண் இல்லையெண்டா மேட்டில ஏன் நிக்கிறான் எண்டு கேப்பாங்கள். பிறகு என்னை ஆர் கணக்கெடுக்கிறது?"

வாய் கூடின நானே பேசாமல் விட்டன் எண்டா, அந்தப் பயம் எனக்கும் இருந்ததுதான். அதோட, மீன்பாடும் குறையேல்லை. இவர் துவாயை வீசுவார், வலை போகும், மீன் வரும். "பாத்தியே, கண் மங்கினாலும் என்ர கணக்குப் பிழைக்காது," எண்டு என்னட்டைச் சொல்லிச் சிரிப்பார். நானும் நம்பினன். இவ்வளவு வருசம் பாத்த கடல், மனுசனுக்கு அது மனப்பாடம் எண்டு நினைச்சன்.

இப்ப பஸ்ஸுக்கு வாறன். எங்கட ஊரில ஒருத்தரிட்டை, "வவுனியா பஸ் எத்தினை மணிக்கு?" எண்டு கேட்டுப் பாருங்கோ. நேரத்தைச் சொல்ல முதல், "ஆருக்கு வருத்தம்? வழக்கோ? பொம்பிளை பாக்கவோ?" எண்டு மூண்டு கேள்வி வரும். பின்னேரத்துக்குள்ள கரை முழுக்கத் தெரிஞ்சிடும். அதனால இவர் ஆரிட்டையும் கேக்க மாட்டன் எண்டு நிண்டார். அந்த நேரத்திலதான் கட்டாரில நிக்கிற எங்கட மகன் ஜெனோசன் ஒரு ஃபோன் அனுப்பினான். "அப்பா, எழுத்துத் தெரியேல்லை எண்டா வாயால கேளுங்கோ. அது வாயால சொல்லும்," எண்டு படிப்பிச்சும் விட்டான். பெடியன், அப்பாவுக்குக் கண்ணாடி மாத்துற வயசு எண்டுதான் நினைச்சவன்.

அந்த ஃபோனுக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறா. இந்தியாப் பக்கத்துத் தமிழ். முதல் நாள் இவர், "பிள்ளை, முல்லைத்தீவால வவுனியாவுக்கு பஸ் எப்ப வெளிக்கிடும்?" எண்டு கேட்டார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை," எண்டா அவா. எனக்குச் சிரிப்புத் தாங்கேலாமல் போச்சு. பிறகு இவர் றேடியோவில செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி, "முல்லைத்தீவில் இருந்து வவுனியா செல்லும் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும்," எண்டு நெஞ்சை நிமித்திக் கேட்டார். உடன சொல்லிப்போட்டா, காலமை எட்டு மணிக்கு எண்டு. இவர், "நன்றி பிள்ளை," எண்டார். எனக்கு ஒருநாளாவது நன்றி சொல்லியிருப்பாரோ? "அவவையே சமைச்சுத் தரச் சொல்லுங்கோ," எண்டு நான் எழும்பிப் போயிட்டன். ஆனா மனுசன்ர முகத்தில அண்டைக்கு இருந்த ஆறுதல் இப்பவும் எனக்கு ஞாபகம். கேட்டதைச் சொல்லுது, திருப்பி ஒண்டும் கேக்குதில்லை. அவருக்கு வேற என்ன வேணும்?

முதல் தரம் அப்பிடித்தான் போய் வந்தவர். முல்லைத்தீவு பஸ் ஸ்டாண்டில வவுனியா பஸ் நிக்கிற இடம் அவருக்கு முந்தியே தெரியும். எட்டு மணிக்கு அந்த இடத்தில நிண்டதில ஏறினார், வவுனியாவில இறங்கினார். பஸ்ஸின்ர நெத்தியில, போட்டில எழுதியிருந்த ஊர்ப் பேரை அவர் வாசிக்கவே இல்லை. அது அவருக்குத் தெரியவே இல்லை. அந்த விசயம் எனக்குத் தெரிய வந்தது எல்லாம் முடிஞ்ச பிறகு.

டொக்டர் பிள்ளை இவருக்கு வடிவா விளங்கப்படுத்தித்தான் விட்டிருக்கிறா. இடது கண்ணுக்குள்ள நரம்புகள் இரத்தம் கசியிற நிலையில இருக்கு, லேசர் ஒளி அடிச்சு அதைச் சுட்டு விட வேணும், ஓகஸ்ட் பதினாலாம் திகதி கட்டாயம் வர வேணும், பிந்தினா கண் போயிடும் எண்டு. எங்கட ஆள் வீட்டை வந்து எனக்குச் சொன்னது என்ன தெரியுமோ? "ஒரு லைற் அடிக்க வேணுமாம், பெரிசா ஒண்டுமில்லை." இப்பிடிச் சுருக்கிச் சொல்லுற வாயை என்ன செய்யிறது?

பதினாலாம் திகதி. உங்களுக்கு உடன விளங்கியிருக்கும். பதினைஞ்சு மடு மாதா கோயில் திருவிழா. பாலைக் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அந்தக் கிழமை பஸ் எல்லாம் மடுவுக்குத் திரும்பிடும் எண்டு. இவருக்குத் தெரியாதோ? வருசா வருசம் மாட்டு வண்டில் காலத்தில இருந்து மடுவுக்குப் போன குடும்பம். ஆனா முதல் நாள் பின்னேரம் ஃபோன் பொம்பிளையைக் கேட்டார், அவா எட்டு மணி எண்டா, இவர் எட்டு மணி எண்டு நம்பினார். அவவுக்கு மடு மாதாவைத் தெரியுமே, பாவம்.

"நானும் வரட்டே?" எண்டு கேட்டனான். முற்றம் முழுக்கக் கருவாடு காயுது, எண்டாலும் கேட்டனான்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக நான் என்ன பாலனே? நீ கருவாட்டைப் பார். காகம் தூக்கும்."

வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு விடியப் போயிட்டார்.

அங்க நடந்ததை இப்ப சொல்லுறன். இது அவர் பிறகு துண்டு துண்டாச் சொன்னது, மிச்சம் நான் புடுங்கி எடுத்தது. பஸ் ஸ்டாண்டில அதே இடத்தில, அதே எட்டு மணிக்கு ஒரு பஸ் நிண்டிருக்கு. முன்னுக்குச் சிவப்பு எழுத்தில, ஆள் உயரத் துணியில, "மடு விசேட சேவை, பாலம்பிட்டி ஊடாக" எண்டு கட்டியிருக்கு. வவுனியா பஸ்ஸை அண்டைக்கு வெளியில, ரோட்டுக் கரையில விட்டிருந்தவங்கள். இவருக்குத் துணியும் தெரியேல்லை, எழுத்தும் தெரியேல்லை. வெள்ளையா ஒரு பெரிய சாமான் நிக்குது, அவ்வளவுதான் தெரிஞ்சது. வழமையா கொண்டக்டர் "வவுனியா, வவுனியா" எண்டு தொண்டை கிழியக் கத்துவான். இது நிரம்பி வழியிற பஸ், கத்தத் தேவையில்லை, "ஏறுங்கோ, ஏறுங்கோ" எண்டுதான் நிண்டிருக்கிறான். "தம்பி, இது எங்க போற பஸ்?" எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா எல்லாம் சரியாகியிருக்கும். கேக்கேல்லை. கண்ணுக்கு முன்னால நிக்கிற பஸ்ஸை எங்க போகுது எண்டு கேட்டா கண் தெரியாது எண்டு காட்டிக்குடுத்த மாதிரியாம்.

உள்ளுக்க இருந்து ஒரு குரல், "மரியநேசண்ணை, வாங்கோ, இஞ்ச இடம் இருக்கு!" சம்மாட்டியின்ர மனுசி யூலியானா. பஸ் முழுக்க எங்கட பக்கத்துச் சனம், பாயும் சட்டி பானையுமா. சரி, இவை மடுவுக்குப் போகினம், வவுனியாவில இறங்கி வேற பஸ் மாறப் போகினம் எண்டு இவர் கணக்குப் போட்டார். வழமையா அப்பிடித்தானே போறது. கணக்குப் பிழை எண்டு சொல்லேலாது. கொண்டக்டர் ரிக்கெற்றுக்கு வரேக்க இவர் "வவுனியா" எண்டு சொல்ல வாயைத் திறக்க முதல், யூலியானா, "அண்ணைக்கு நான் எடுத்திட்டன், அது என்ர நேர்த்திக்கடன்," எண்டு சொல்லிப்போட்டாவாம். மடுவுக்குப் போறவைக்கு ரிக்கெற் எடுத்துக் குடுக்கிறது எங்கட பக்கத்தில நடக்கிறதுதான். இவர் சிரிச்சுக்கொண்டு இருந்திட்டார்.

ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்தால வாற பஸ் வவுனியாவுக்குப் போறதெண்டா மாங்குளம் சந்தியில இடது பக்கம் திரும்ப வேணும். கடலில திசை பாத்த மனுசன், கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் உடம்பு சொல்லும். பஸ் திரும்பேல்லை. ஏ-ஒன்பது ரோட்டைக் குறுக்கறுத்து நேர மல்லாவிப் பக்கம் போச்சு. "பிழையான பஸ் எண்டு எனக்கு அந்த இடத்திலயே தெரிஞ்சிட்டுது அற்புதம்," எண்டார். எழும்பி மணியை அடிச்சிருந்தா மாங்குளத்திலயே இறங்கியிருக்கலாம். வவுனியாவுக்கு அங்க நிமிசத்துக்கு ஒரு பஸ். கிளினிக்குக்குப் போயும் சேந்திருக்கலாம். ஏன் எழும்பேல்லை? எழும்பினா எல்லாரும் கேப்பினம், என்ன அண்ணை, பஸ்ஸின்ர போட்டைப் பாக்கேல்லையோ எண்டு. சம்மாட்டியின்ர மனுசி பக்கத்தில இருக்கிறா. அதுதான் காரணம். ஒரு கேள்விக்குப் பயந்து, பாருங்கோ, ஒரே ஒரு கேள்விக்கு.

அதுக்குள்ள யூலியானா, "அண்ணை, உங்களுக்கு நல்ல குரல், செபமாலையை நீங்கள் தொடக்குங்கோ," எண்டாவாம். இவர் தொடங்கினார். அருள் நிறைந்த மரியே எண்டு சொல்லேக்க குரல் நடுங்கிச்சுது. பஸ் முழுக்க அழுத சனமாம், மரியநேசண்ணையின்ர பக்தியைப் பாத்து. பக்தியாம்! மனுசன் தன்ர கண் காட்டுக்குள்ள போறதைப் பாத்து நடுங்கினவர்.

மடுவில இறங்கி என்ன செய்யிறது? கால் வைக்க இடமில்லாத சனம், புழுதி, கூடாரம். கிளினிக் மத்தியானத்தோட முடிஞ்சிடும். யூலியானா ஆக்களின்ர கூடாரத்தில குந்தியிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார். "இண்டைக்கு மறிச்சு வைச்சிருக்கினம், நாளைக்குத்தான் விடுவினம்." பின்னால சனச் சத்தம் கேட்டுது. ஆசுப்பத்திரி எண்டாச் சத்தம் இருக்கும்தானே எண்டு நான் நினைச்சன். அடுத்த நாள் பின்னேரம் வந்து இறங்கினார். கண்ணில கட்டு இல்லையே எண்டு கேட்டன். லைற் அடிச்சாக் கட்டு இல்லையாம். நான் விசரி, சீனி இல்லாமல் முட்டைக்கோப்பி அடிச்சுக் குடுத்தனான். களைச்சுப்போனார் எண்டு காலையும் அமத்தி விட்டனான்.

இரண்டு நாளால யூலியானா படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில மடு மண்ணும் கச்சான் கடலையும்.

"அற்புதமக்கா, அண்ணை வரேக்க கச்சான் வாங்க மறந்திட்டார், அதுதான் கொண்டந்தன். என்ன வடிவாச் செபமாலை சொன்னவர் தெரியுமே? சனம் அழுதது."

எனக்கு முதல் விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. ஆனா என்ர வாய் என்ன சொன்னது தெரியுமே? "ஓம் ஓம், அது அவருக்கு ஒரு நேர்த்தி இருந்தது." இவ்வளவு கதைக்கிற நானும் அந்த இடத்தில மறைச்சுப்போட்டன். யூலியானா என்ர கையைப் பிடிச்சு, "யோசியாதேங்கோ அக்கா, மாதா எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுவா," எண்டு மெல்லமாச் சொல்லிப்போட்டுப் போனா. ஏன் அப்பிடிச் சொல்லுறா எண்டு அப்ப நான் யோசிக்கேல்லை. எனக்குக் கோபம் கண்ணை மறைச்சுக்கொண்டிருந்தது.

குசினிக்குள்ள போனன். இவர் வாங்குப் பலகையில இருந்தார்.

"எங்க போனனீங்கள்?"

இவர் தோளில கிடந்த துவாயை எடுத்து மடிச்சார்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன். ஆசுப்பத்திரிக்குப் போங்கோ எண்டு விட்டா மடுவுக்கே போனனீங்கள்? போனது போனீங்கள், எனக்கு ஏன் பொய்? கோப்பி வேற குடிச்சீங்களே, வெக்கமில்லாமல்!"

"பஸ் மாறிப் போச்சு."

"பஸ் எப்பிடி மாறும்? போட் போட்டிருப்பாங்கள்தானே? சிவப்பில, பனை உயரத்துக்கு!"

"போட் தெரியேல்லை அற்புதம்."

நான் கதவடிக்குப் போய் வெளிச்சத்துக்கு நேர நிண்டு, கையை நீட்டி, "இது எத்தினை விரல்?" எண்டு கேட்டன்.

"கையே தெரியேல்லை. நீ நிக்கிறது தெரியுது."

அதுக்குப் பிறகு நான் ஏசேல்லை. அடுப்படியில குந்தி அழுதன். இந்த மனுசனோட ஒரு வீட்டுக்குள்ள இருந்து, ஒரு சட்டியில சாப்பிட்டு, எனக்கே தெரியாமல் போச்சே எண்டு அழுதன். அவர் எழும்பி வந்து, சுவரைத் தடவித் தடவி வந்து, என்ர தலையில கை வைச்சார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முதல், ஒருநாள் காலமை முகம் கழுவேக்க, "இடது பக்கம் ஆரோ கறுத்தச் சீலை தொங்க விட்ட மாதிரிக் கிடக்கு," எண்டார். அண்டைக்கே வெளிக்கிட்டம். கருவாட்டைக் காகம் தூக்கட்டும் எண்டு விட்டிட்டு நானும் போனன். பஸ் ஸ்டாண்டில நான் நாலு பேரைக் கேட்டுத்தான் ஏறினன், வேணுமெண்டே சத்தமாக் கேட்டன்.

டொக்டர் பிள்ளை சின்ன வயசு. கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சு அடிச்சுப் பாத்தா. பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு இருந்தா.

"ஐயா, உள்ளுக்கு இரத்தம் கசிஞ்சு விழித்திரையும் கழண்டுட்டுது. இந்தக் கண்ணில இனிப் பார்வை வராது. நான் சொன்ன திகதிக்கு வந்திருந்தா இதை நிப்பாட்டியிருக்கலாம். ஏன் வரேல்லை?"

"மடுவுக்குப் போனனான்."

அவா பேனையை மூடி வைச்சா. "மாதாவிட்டை எந்த நாளும் போகலாமே ஐயா," எண்டா. பொய்யில்லை, அவவின்ர கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வலது கண்ணுக்கு அண்டைக்கே லேசர் அடிச்சினம். இருக்கிற மங்கல் பார்வையைக் காப்பாத்தலாம், கூட ஒண்டும் எதிர்பாக்க வேண்டாம் எண்டு சொன்னா. "தண்ணி நிறம் தெரியுமே பிள்ளை?" எண்டு இவர் கேட்டார். அவவுக்கு அந்தக் கேள்வி விளங்கேல்லை. "தண்ணி குடிக்கலாம் ஐயா," எண்டா.

திரும்பி வரேக்க பஸ்ஸில, ஒட்டுசுட்டான் தாண்டின பிறகு, "நாளைக்குக் கரையில சொல்லப்போறன்," எண்டார். "அவங்களே கலைக்க முதல் நானே இறங்கிறன்." நான் ஓம் எண்டு மட்டும் சொன்னன்.

விடிய நானும் தலையில கூடையோட பின்னால போனன். தோணியில வலை ஏத்தி முடிஞ்சுது. பெடியள் கயித்தடியில நிக்கிறாங்கள். இவர் மேட்டடிக்குப் போனார், ஏறேல்லை. தோளில கிடந்த துவாயை எடுத்துக் கையில வைச்சுக்கொண்டு, சம்மாட்டி நிக்கிற பக்கம் எண்டு நினைச்ச பக்கம் திரும்பினார்.

"சம்மாட்டி, எனக்கு ஒரு கண் போச்சு. மற்றதும் மங்கல். தண்ணி தெரியேல்லை. கன நாளாத் தெரியேல்லை. நான் மறைச்சுப்போட்டன். வேற ஆளை ஏத்துங்கோ."

ஒருத்தரும் ஆச்சரியப்படேல்லை. அதைத்தான் நான் முதல் கவனிச்சன். பெடியள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். சம்மாட்டி மணலைக் காலால கிளறினார்.

"எங்களுக்குத் தெரியும் மரியநேசன்," எண்டார்.

"என்ன தெரியும்?"

"போன மாரிக்கு முதலே தெரியும். உனக்கு மனம் நோகும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப மீன் வந்ததே? நான் காட்டின இடத்திலதானே வலை போனது?"

சம்மாட்டி ரஜிதனைப் பாத்தார். ரஜிதன் வலையில அடுத்த ஆள், மூண்டு பிள்ளைக்காரன், நல்லவன். அவன் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "அண்ணை, நீங்கள் மேட்டில நிண்டு காட்டுவீங்கள். நான் உங்களுக்குப் பின்னால, கொஞ்சம் தள்ளி நிண்டு தோணிக்குக் காட்டுவன். அவங்கள் என்னைத்தான் பாப்பாங்கள்," எண்டான்.

இவற்ற துவாய் கையில இருந்து நழுவி விழுந்தது, குனிஞ்சு எடுக்கேல்லை. எனக்கு விளங்கிச்சுது, இவருக்கும் விளங்கிச்சுது. மீன் வருகுது, என்ர கணக்குப் பிழைக்கேல்லை எண்டு நம்பி நம்பித்தானே மனுசன் ஆசுப்பத்திரியைப் பிந்தப் போட்டது. ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்தை மறைக்கத்தானே மாங்குளத்தில எழும்பாமல் இருந்தது. யூலியானா ரிக்கெற் எடுத்ததும் இவற்ற கண்ணுக்கு நேர்த்தி வைச்சுத்தான்.

எனக்கு வந்தது பாருங்கோ ஒரு ஆத்திரம்.

"அட பாவியளே! இவ்வளவு பேர் நிக்கிறீங்கள். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து, அண்ணை, உங்களுக்குக் கண் தெரியேல்லை, வாங்கோ ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறன் எண்டு சொல்லேலாமல் போச்சே? மனம் நோகுமாம்! இப்ப கண் போச்சு, அது நோகேல்லையோ? சைக்கிளால இறங்கி நிண்டீங்களே, அந்த நாசமாப் போன மரியாதையைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ!"

சம்மாட்டி தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டார். இவர்தான், "காணும் அற்புதம்," எண்டார். சேட்டைக் கழட்டி என்ர கூடைக்குள்ள போட்டார். பெடியளின்ர சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு கயித்தடிக்கு நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால போய்க் கயித்தைத் தடவிப் பிடிச்சார். ரஜிதன் மேட்டில ஏறினான்.

அண்டைக்கு நல்ல மீன்பாடு. மடி கரைக்கு வந்த உடன ரஜிதன் ஓடி வந்து, "அக்கா, கூடையைத் தாங்கோ, நல்லதாப் பாத்துப் போட்டுத் தாறன்," எண்டான். எனக்கு உங்கட மீன் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, இவற்ற சேட்டோட கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டை வந்திட்டன்.